தெரிந்த முகம் வந்தால் தண்ணீர் குடிக்கப் போங்கள்

விமான நிலையத்தில் பெண் பயணிகளைச் சோதிக்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லி அதிகாரி கேட்டார். வெடிகுண்டு மிரட்டல் வந்த நாளைப் பற்றி எழுதுவேன் என்று அவர் எதிர்பார்த்திருப்பார். அந்த நாளைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. என்ன செய்ய வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. செய்தோம், எதுவும் கிடைக்கவில்லை, வீட்டுக்குப் போனோம்.

நான் எழுத நினைப்பது வேறொரு நாள். அன்றைக்கு ஒரு விதியும் மீறப்படவில்லை. ஒரு பொருளும் பிடிபடவில்லை. ஐதராபாத் விமானம் நேரத்துக்குக் கிளம்பியது. ஆனாலும் எனக்கு மறக்காமல் நிற்பது அந்த நாள்தான். எது சரி என்று தெளிந்த பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். தெளிகிற மாதிரி தெரியவில்லை. அதனால் குழப்பத்தோடேயே எழுதுகிறேன். படித்துவிட்டு உங்களுக்காவது ஏதாவது புரிந்தால் சரி.

உங்களில் சிலர் பெரிய ஊர் விமான நிலையங்களில் வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அங்கே திரைக்குள் வந்து, அந்தச் சின்ன மேடையில் ஏறி, கையை விரித்து நிற்கும் பெண் உங்களுக்கு யாரோ. நீங்களும் அவளுக்கு யாரோ. ஒரு நிமிடத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் மறந்துவிடலாம். நம்முடையது சின்ன விமான நிலையம். ஒரு நாளைக்கு விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் விமானங்கள். வருகிறவர்கள் யார்? சங்ககிரி லாரிக்காரர் வீட்டம்மா, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியை வடக்கே விட்டிருக்கும் திருச்செங்கோட்டுக் குடும்பம், செவ்வாய்ப்பேட்டை ஜவுளிக்கடைக்காரம்மா, ஆத்தூர் அரிசி ஆலைக்காரரின் மகள். மூன்று மாதத்தில் முகங்கள் பழகிவிடும். ஒரு வருடத்தில் யார் யாருக்குச் சொந்தம் என்றும் தெரிந்துவிடும். இன்று உங்கள் முன்னால் கையை விரித்து நின்றவரை நாளைக்குக் கல்யாண மண்டபத்தில் பந்தியில் பக்கத்து இலையில் பார்ப்பீர்கள். இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள். பயிற்சி வகுப்பு நடத்துபவர்கள் சங்ககிரியில் பெண் எடுப்பதில்லை.

முன்பு எங்களோடு ஒருத்தி வேலை பார்த்தாள். நல்ல மனசுக்காரி. செவ்வாய்ப்பேட்டையில் மொத்த ஜவுளி வியாபாரம் செய்யும் ஒரு அம்மாவை ஒருமுறை அவள் சோதித்தாள். அந்த அம்மாவுக்கு மார்பில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. துணிக்குள் பஞ்சு வைத்திருந்தார். சோதனை முறையாக நடந்து முடிந்தது. சில வாரம் கழித்து தீபாவளித் துணி எடுக்க இவள் அந்தக் கடைக்கே போயிருக்கிறாள். கல்லாவில் அந்த அம்மா. சுற்றி வேலைக்காரப் பெண்கள், இரண்டு மருமகள்கள். இவள் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, "ஏனுங்க, இப்ப ஒடம்பு தேவலைங்களா? புண்ணு ஆறிருச்சுங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

அந்த அம்மா, "நீங்க ஆருங்க?" என்று மட்டும் கேட்டாராம். எழுந்து உள்ளே போய்விட்டாராம்.

வந்து எங்களிடம் சொல்லி அழுதாள். "நல்லதுக்குத்தானேக்கா கேட்டேன்? கண்டும் காணாம வந்தாத்தானே மருவாதி இல்ல?" நம் ஊரில் யாரையாவது பார்த்தால் நலம் விசாரிக்காமல் போவது திமிர். அவள் கேட்டது தப்பு என்று அவளுக்குப் புரியவைக்க எங்களால் முடியவில்லை. எங்களுக்கே சரியாகப் புரியவில்லை.

அப்போது எங்கள் பணிக்குழுவுக்குப் பொறுப்பாக தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு பெண் அதிகாரி இருந்தார். பேச்சு கம்மி. அவர்தான் அன்றிலிருந்து ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தார். வரிசையில் தெரிந்த முகம் வந்தால், நாம் பக்கத்தில் இருப்பவளிடம், "தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். அவள் வந்து திரைக்குள் நிற்பாள். வரிசையில் இருப்பவருக்கு அவருக்காகத்தான் நகர்ந்தோம் என்று தெரியவே கூடாது.

"பார்த்ததை வெளியே சொல்லாமல் இருந்தால் போதாதா மேடம்?" என்று நான் கேட்டேன்.

"பார்க்காமலே இருந்துட்டா வேலை சுலபம்லா" என்றார் அவர். அவ்வளவுதான். எந்தச் சுற்றறிக்கையிலும் இது கிடையாது. ஆனால் எங்கள் ஐந்து பேருக்கும் கை பழகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி வந்தால் தண்ணீர். மகனின் பழைய டீச்சர் வந்தால் தண்ணீர். சில நாள் காலையிலேயே நாலு டம்ளர் தண்ணீர் குடித்திருக்கிறேன்.

இத்தனை பழகிய நான்தான் அன்றைக்குத் தண்ணீர் குடிக்கப் போகவில்லை.

என் மகன் கார்த்திக்கு ஐதராபாத்தில் வேலை. அவனுக்கு ராசிபுரத்தில் ஒரு பெண்ணைப் பார்த்திருந்தோம். நித்யா என்று பெயர். அவளுக்கும் ஐதராபாத்தில்தான் வேலை. அப்பாவுக்கு நெய் மொத்த வியாபாரம். ஒருமுறை குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். முழங்கை வரை ரவிக்கை போட்ட, சிரித்த முகமான பெண். பையனும் பெண்ணும் பேசிக்கொண்டார்கள், பிடித்திருந்தது. இரண்டு வீட்டாரும் உப்புச்சர்க்கரை மாற்றிக்கொள்ள நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் பக்கத்தில் அதுதான் நிச்சயம். உப்பும் நாட்டுச்சர்க்கரையும் தட்டு மாற்றிக்கொண்டால் பேச்சு உறுதியாகிவிட்டது என்று அர்த்தம்.

அந்த நாட்களில் ஒரு காலை. ஐதராபாத் விமானத்துக்கான வரிசையில் ஆறேழு பேருக்குப் பின்னால் நித்யா நிற்கிறாள். நீல நிறச் சுடிதார், தோளில் பை. என்னை அவளும் பார்த்துவிட்டாள்.

நீங்கள் எல்லாம் சின்னப் பெண்கள். ஒரே மகனுக்குப் பெண் அமைவது என்றால் என்ன என்று உங்களுக்கு இப்போது தெரியாது. மூன்று வருடம் ஜாதகக் கட்டோடு அலைந்திருந்தேன். அவளைப் பார்த்ததும் எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. நான் சீருடையில் நிற்கிறேன் என்பதே மறந்துவிட்டது. பக்கத்தில் இன்னொருத்தி சும்மாதான் நின்றிருந்தாள். அவளைக் கூப்பிட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. நம் வீட்டுக்கு வரப்போகிற பெண்ணை வேறு யாரோ தொட்டுத் தடவுவதா, நான் இருக்கும்போது, என்றுதான் தோன்றியது.

"நித்யா! வா சாமி, முன்னால வா" என்றேன்.

"இருக்கட்டுங்க அத்தை. நான் வரிசையிலயே வாரேனுங்க."

"அட வா கண்ணு. அத்தை இருக்கறப்ப வரிசை என்ன வரிசை!"

"இல்லீங்க அத்தை, இவங்கெல்லாம் முன்னாலயே நிக்கறாங்க..."

வரிசையில் முன்னால் நின்ற ஒரு வயதான அம்மா, "மருமவளுங்களா? கூட்டிக்குங்க, கூட்டிக்குங்க. புள்ள எப்படிக் கூச்சப்படுது பாருங்க" என்று வழிவிட்டார். என் சகா வேறு, "அக்கா, இப்பவே மருமவளுக்கு சிபாரிசா? மாமியாக் கொடுமையெல்லாம் எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேலி செய்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நித்யாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அப்போது பார்க்கவில்லை.

வரிசையிலேயே வருகிறேன் என்று அவள் இரண்டு முறை சொன்னாள். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

திரைக்குள் மேடையில் ஏறினாள். கையை விரிக்கவில்லை. பையை மார்போடு பிடித்திருந்தாள்.

"கையத் தூக்கு சாமி. ஒரு நிமிசம்தான்."

"அத்தை... வேற ஆராச்சும்..."

"என்ற கிட்ட என்ன கூச்சம்? நான் பாக்காத புள்ளைங்களா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு கையை விரித்தாள். என் கையிலிருந்த சோதனைக் கருவி இடது புஜத்தில் கத்தியது. சட்டைக் கையைத் தூக்கினேன். ரூபாய்க் காசு அளவில் ஒரு வெள்ளை வில்லை தோலோடு ஒட்டியிருந்தது. இடுப்பில் மறுபடியும் கத்தியது. நான் குனிவதற்கு முன்னால் அவளே சட்டையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள். தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய ஒரு கருவி. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வயிற்றுக்குள் போனது.

"இன்சுலின் பம்ப், மேடம். கழட்டக் கூடாதுங்க. கையில இருக்கறது சுகர் பாக்கறது. டாக்டர் லெட்டர் வேணும்னா பையில இருக்குது, மேடம்."

நூறு தடவை சொல்லிப் பழகிய குரல். ஒரு நிமிடத்துக்கு முன்னால் அத்தை என்றவள் மேடம் என்கிறாள். அவள் எனக்குச் சொல்லவில்லை, சீருடைக்குச் சொல்கிறாள் என்று எனக்கு உறைத்தது.

மிச்சச் சோதனையை நான் முறையாகச் செய்தேன். அந்த மாதிரிக் கருவிகளுக்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தேன். பயணச் சீட்டில் முத்திரை குத்தினேன். கை தானாகச் செய்தது. அவள் இறங்கி, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, திரையை விலக்கும்போது திரும்பினாள்.

"அத்தை, நான்..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் வழிவிட்ட அந்த வயதான அம்மா உள்ளே வந்துவிட்டார். "போன் பண்றேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

போன் வரவில்லை.

இனி நான் சொல்லப்போவதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும். நான் என்ன செய்திருக்க வேண்டும்?

தாயாக யோசித்தேன். சின்ன வயசிலேயே வந்த நீரிழிவு. காலம் பூராவும் ஊசி. நாளைக்குக் குழந்தை உண்டாகும்போது என்ன ஆகும்? அவர்கள் ஏன் சொல்லவில்லை? என் மகனுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் அவனிடம் சொல்ல வேண்டியது என் கடமை இல்லையா? சம்பந்தம் பேசினால் நம் பக்கத்தில் எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். பெண்ணின் தாத்தா எப்படிச் செத்தார் என்பது வரைக்கும் விசாரிப்பார்கள். அது தப்பில்லை. யாரும் தப்பு என்று சொல்வதில்லை.

சீருடைக்காரியாக யோசித்தேன். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயமே இல்லை. விமானத்தில் ஏற அந்தப் பெண் என் முன்னால் சட்டையை உயர்த்த வேண்டியிருந்தது. அவளுக்கு வேறு வழி இல்லை. வழி இல்லாததால் காட்டினாள். விமானப் பாதுகாப்புக்கு என்று வாங்கிய ஒன்றை எடுத்துக்கொண்டு போய் என் மகன் கல்யாணத்துக்கு நான் எப்படிச் செலவு செய்வேன்?

சரி, சொல்ல வேண்டாம். மகனிடம் கேட்டாவது பார்க்கலாமா? "அந்தப் பொண்ணுக்கு ஒடம்பு எப்படிப்பா?" என்று கேட்டாலே, அவனுக்குத் தெரியாதிருந்தால், அந்தக் கேள்வியே சொன்ன மாதிரிதான். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? ஏன் என்று கேட்பார்கள். எந்தக் காரணம் சொன்னாலும் பொய். ராசிபுரத்தில் இருக்கும் சித்தி மகளுக்குப் போன் போட்டு, "பொண்ணு ஊட்டப் பத்தி ஒருவாட்டி நல்லா விசாரி" என்று சொல்லலாம் என்று எடுத்தேன். மணி அடிக்க ஆரம்பித்ததும் வைத்துவிட்டேன். அவள் வாயிலிருந்து அதே விஷயம் வந்தால் எனக்கு வேறு வழியில் தெரிந்த மாதிரி ஆகிவிடும் என்றுதானே அந்தப் போன்?

சித்தி மகள் உடனே திருப்பிக் கூப்பிட்டாள். "ஏனக்கா போன் பண்ணுன?"

"சும்மாதான். நெய் என்ன வெலை விக்குது?" என்று கேட்டேன்.

என் வீட்டுக்காரருக்குச் சங்ககிரியில் லாரி உதிரிபாகக் கடை. சாப்பிட உட்காரும்போது, "என்ன, சோத்துல கைய வெச்சுட்டு எங்கயோ பாக்கறே? ஏர்போர்ட்டையே உள்ள கொண்டாந்துட்டியா?" என்பார். அவரிடமும் சொல்ல முடியாது. முப்பது வருடத்தில் அவரிடம் சொல்லாமல் நான் வைத்திருந்த விஷயம் அது ஒன்றுதான். அதுவும் என் விஷயமில்லை.

சொல்லாமலே இருந்தேன். அதை நான் ஜெயித்துவிட்டதாகக்கூட நினைத்தேன். உப்புச்சர்க்கரை நாளும் வந்தது.

ராசிபுரத்தில் அவர்கள் வீட்டில்தான் விசேஷம். கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். கார்த்தி ஐதராபாத்திலிருந்து வந்திருந்தான். நித்யா பட்டுச் சேலையில், அதே முழங்கை ரவிக்கையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து, "வாங்க அத்தை" என்றாள். கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். தட்டு மாற்றினார்கள். எங்கள் வீட்டு வழக்கப்படி, மாற்றிய சர்க்கரையைப் பையன் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பெண்ணின் வாயில் போட வேண்டும். என் வீட்டுக்காரரின் அக்கா எழுந்தார். அவருக்கு எதையும் சிட்டிகையாகச் செய்து பழக்கமில்லை. உள்ளங்கை நிறைய நாட்டுச்சர்க்கரையை அள்ளிக்கொண்டு, "வாயத் தொற அம்முணி" என்று கையைக் கொண்டுபோனார்.

நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"வேண்டாங்க அண்ணி. அவளுக்குக் குடுக்காதீங்க."

சொன்னது நான்தானா என்று எனக்கே தெரியவில்லை.  என் கை இன்னும் அவர் மணிக்கட்டில் இருந்தது. சந்தேகப்பட்ட பையைப் பிடிப்பது மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தேன்.

"ஏன்? மருமவ வாயில சக்கரை போடறதுக்கு உன்ற கிட்ட பர்மிட்டு வாங்கோணுமா?" என்றார் அண்ணி. பாதிச் சிரிப்பு, பாதிக் கோபம்.

நித்யாவின் அம்மா முகத்தைப் பார்த்தேன். ரத்தம் இறங்கிப் போயிருந்தது. கார்த்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நித்யாதான் பேசினாள். "அது ஒண்ணுமில்லீங்க பெரியம்மா. நெய் யாவாரி ஊட்டுப் புள்ள, ஏற்கனவே குண்டாத்தான் இருக்கறேன். இன்னும் குண்டாயிருவேன்னு அத்தை பயப்படறாங்க" என்று சொல்லி, அண்ணியின் உள்ளங்கையிலிருந்து அவளே ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். எல்லாரும் சிரித்தார்கள். "மாமியா இப்பவே தட்டுக் கணக்குப் பாக்குது" என்று யாரோ சொன்னார்கள். மேளக்காரர் அடிக்க ஆரம்பித்தார்.

பந்தி நடக்கும்போது நித்யாவின் அம்மா என்னைச் சமையல் கட்டுக்குப் பின்னால் அழைத்துப் போனார். அண்டா குண்டா கழுவிக்கொண்டிருந்த பெண்களை, "செத்த அந்தப் பக்கம் போங்க" என்று அனுப்பினார். 

"ஆருங்க சொன்னாங்க உங்களுக்கு? இதுக்கு முன்னால ஒரு எடம் இப்படித்தான் கடைசி நேரத்துல போச்சுங்க. புள்ள ஆறு மாசம் ரூம விட்டு வெளிய வரலைங்க. ஆரு சொன்னதுன்னு மட்டும் சொல்லுங்க."

நான் என்ன சொல்வேன்? யாரும் சொல்லவில்லை என்றால் பொய் மாதிரி இருக்கும், ஆனால் உண்மை. நான் பார்த்தேன் என்றால் உண்மை, ஆனால் அதைச் சொல்லும் உரிமை எனக்கில்லை. 

"நாந்தாம்மா சொன்னேன்." நித்யா வந்து நின்றாள். "ஊருக்குப் போறப்ப ஏர்போர்ட்டுல அத்தையப் பாத்தேன்ல, அப்பவே சொல்லிட்டேன்."

"எவ்வளவு படிச்சுப் படிச்சுச் சொன்னேன் உனக்கு!" என்று அவர் மகளை அடிக்கக் கை ஓங்கினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "தெரிஞ்சுமா வந்திருக்கீங்க? தெரிஞ்சுமா தட்டு மாத்துனீங்க? நீங்க நல்லா இருப்பீங்க சாமி." அவர் என்னை வாழ்த்திக்கொண்டிருந்தார். எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விட மாட்டோமா என்றிருந்தது.

அவர் முகம் கழுவப் போன பிறகு நாங்கள் இருவர் மட்டும் நின்றோம்.

"வெளிய ஒரு வார்த்தை சொல்லல சாமி. உங்க மாமாகிட்டக்கூடச் சொல்லல" என்றேன்.

"தெரியுங்க அத்தை. நீங்க வாயால சொல்லல."

சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். பிறகு சொன்னாள். "அவர்கிட்ட நான் மொத நாளே சொல்லிட்டேனுங்க. உங்ககிட்ட நாந்தான் சொல்லுவேன், அவர் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தேன். எப்படிச் சொல்லோணும்னுகூட யோசிச்சு வெச்சிருந்தேன். உங்க ஊட்டுக்கு வந்து, நீங்க சமைக்கறப்ப பக்கத்துல நின்னு, வெங்காயம் கிங்காயம் உரிச்சுக் குடுத்துட்டே சொல்லலாம்னு. நீங்க என்ன கேப்பீங்க, நான் என்ன சொல்லுவேன்னு எல்லாம். அன்னிக்கு ஃப்ளைட்டுல உக்காந்து போன எடுத்தேன். அப்புறமும் எத்தனையோ வாட்டி எடுத்தேன். பாத்தவங்ககிட்ட என்னத்தச் சொல்றதுங்க அத்தை?"

உள்ளேயிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். 

போகும்போது அவளே திரும்பி, "அப்புறம், ஒரு வாய் சக்கரை என்னைய ஒண்ணும் பண்ணாதுங்க. என்ன சாப்பிடறேனோ அதுக்குத் தக்கன மருந்து ஏத்திக்குவேன். நெய் யாவாரி ஊட்டுல பொறந்துட்டு மைசூர்பாகு இல்லாம இருக்க முடியுங்களா?" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள்.

திரும்பும்போது கார்த்திதான் காரை ஓட்டினான். வீட்டில் இறங்கியதும், "அம்மா, அவதான் சொன்னாளா?" என்று கேட்டான். நான் தலையைக்கூட ஆட்டவில்லை. "சரி, வுடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். அவன் அதற்கப்புறம் கேட்கவில்லை.

மறுநாள் நான் நிலையத்துப் பெரிய அதிகாரியிடம் போனேன். பெயர் சொல்லாமல், சொந்தமாகப் போகிறவரை நானே சோதித்துவிட்டேன், மாற்றி விட்டிருக்க வேண்டும், தவறு நடந்துவிட்டது என்றேன். அவர் நல்ல மனிதர். விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "சோதனை முறைப்படி நடந்ததா?" "நடந்தது சார்." "பெண்ணைப் பெண்தான் சோதித்தது?" "ஆமாங்க சார்." "பயணி புகார் கொடுத்தாரா?" "இல்லைங்க சார்." "பின்னே நான் இதை எந்தத் தலைப்பிலம்மா எழுதுவது?" என்று நிஜமாகவே என்னைக் கேட்டார். பிறகு டீ வரவழைத்தார்.

குடித்துவிட்டு வந்தேன். அதன் பிறகும் சில மாதம் வேலை பார்த்தேன். திரைக்குள் ஒவ்வொரு பெண்ணும் கையை விரிக்கும்போது, இவள் வரிசையில் வேறு யாரையாவது எதிர்பார்த்து நின்றாளோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. தோன்றினால் கை தயங்கும். தயங்கும் கை இந்த வேலைக்கு ஆபத்து. அது உங்களுக்கும் தெரியும். தேட வேண்டியதைத் தேடியே ஆக வேண்டும். ஒரு நாள் ஒன்றைத் தவறவிட்டால் நூறு உயிர். அதனால் விருப்ப ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்தேன். வீட்டில் எல்லாரும் மகன் கல்யாண வேலைக்காக என்று நினைத்துக்கொண்டார்கள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. நித்யா என்னிடம் பிரியமாகத்தான் இருக்கிறாள். ஊருக்கு வந்தால் சமையலறையில் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்துக் கொடுப்பாள். நாங்கள் எது எதையோ பேசுவோம். அதைப் பற்றி மட்டும் அவள் பேசியதில்லை. நானும் காத்திருக்கிறேன்.

போன மாதம் அவளோடு ஐதராபாத் போனேன். இத்தனை வருடம் நம் நிலையத்தில் நின்ற நான் பயணியாக அந்த வரிசையில் நின்றது அதுதான் முதல் தடவை. திரைக்கு முன்னால் நின்றது உங்களோடு வேலை பார்க்கும் மூத்தவள் ஒருத்தி. நான்தான் அவளுக்கு வேலை சொல்லிக் கொடுத்தேன். பெயர் எழுதவில்லை. படிக்கும்போது அவளுக்கே தெரியும். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "அக்கா!" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. பிறகு என்ன நினைத்தாளோ, பக்கத்தில் இருந்த புதுப் பெண்ணிடம், "தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவள் போன திசையில் தண்ணீரே கிடையாது.

அந்தப் புதுப் பெண்ணை நான் பார்த்ததில்லை. வேறு மாவட்டத்துப் பேச்சு. மேடையில் ஏறிக் கையை விரித்தேன். கருவி ஓரிடத்தில் கத்தியது. மறுபடி வைத்துப் பார்த்தாள், மறுபடியும் கத்தியது. என்ன என்று கேட்டாள். சொன்னேன். பார்த்தாள். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. செய்ய வேண்டியதைச் செய்தாள், முத்திரை குத்தினாள். "போலாம்மா. அடுத்தவங்க வாங்க."

என் உடம்போடு இருக்கும் அது என்ன என்று இங்கே எழுதப் போவதில்லை. என் வீட்டில் யாருக்கும் இன்னும் தெரியாது.

வெளியே நித்யா என் கைப்பையையும் செருப்பையும் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மற்றவர்களை விட எனக்கு நேரமானதை அவள் கவனித்திருப்பாள். கருவி கத்தியதும் அவள் காதில் விழுந்திருக்கும். கைப்பையை என் தோளில் மாட்டிவிட்டாள்.

"போலாங்களா அத்தை?" என்றாள்.

ஜன்னல் பக்கம் என்னை உட்கார வைத்தாள். மேலே ஏறும்போது சங்ககிரி மலை சின்னதாகத் தெரிந்தது. "அந்தா பாருங்க, மாமா கடை அங்கதான் எங்கயோ இருக்குது" என்று காட்டினாள். இப்போது சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் எதுவும் கேட்காமல், தின்பதற்கு என்று கொண்டுவந்த முறுக்கை உடைத்து எனக்குப் பாதி கொடுத்தாள்.

இன்னும் சொல்லவில்லை.